மின்சார இஞ்சினும் அதை ஓட்டுகிறவர்களும்

சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே இரவில் ஓடுகின்ற ஒரு வண்டிக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அந்த வண்டி ஏற்காட்டுக்குப் போவதில்லை. சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டிக்கொண்டு பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியாகச் சேலத்துக்குப் போய், அங்கிருந்து ஈரோட்டுக்குப் போய்விடுகின்றது. ஏற்காடு போகிறவர்கள் சேலத்தில் இறங்கி, பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டுதான் மலை ஏற வேண்டும். பேர் ஒன்றும் காரியம் வேறொன்றுமாக இருப்பது நம் நாட்டில் புதிய சங்கதி அல்லவாகையால் இதில் நாம் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. நாம் இப்பொழுது எழுதப் புகுந்தது வண்டியின் பெயரைப் பற்றியுமல்ல. அந்த வண்டியையும், அதே பாதையில் அதற்கு முன்னும் பின்னுமாகப் போகிற கூட்ஸ் வண்டிகளையும் இழுத்துச் செல்லுகின்ற மின்சார இஞ்சினைப் பற்றியும், அதற்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைப் பற்றியுமே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

இந்தப் பாதை மிகவும் பழைய பாதை. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு என்று போட ஆரம்பித்து, 1862-இல் பேப்பூர் பக்கம் போய்ச் சேர்ந்தது. 1908-இல் ஜோலார்பேட்டைக்கு மேற்கே உள்ள பகுதி தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் சேலம் மட்டும் ரயிலில் வந்து, மலையடிவாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுவார்கள். நாற்காலியை நம்மவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். துரை ஏறினார் என்று எழுதுவார்களேயொழிய, துரையை ஏற்றினார்கள் என்று எழுதமாட்டார்கள். மோட்டார் ரோடு வந்த பிறகுதான் அந்தத் தோள்களுக்கு விடுதலை கிடைத்தது.

மலைமேல் தோள் சுமந்தது என்றால், மலையடியில் ரயில் இஞ்சினுக்குள் என்ன நடந்தது? சேலத்திலிருந்து வடக்கே வருகின்ற வண்டி டேனிஷ்பேட்டையைத் தாண்டி லோக்கூர் மேட்டில் ஏறியாக வேண்டும். சமதரையில் ஓடுகிற வண்டி வேறு, மேட்டில் ஏறுகிற வண்டி வேறு. நூற்றுக்கு ஒரு பங்கு ஏற்றம் என்றால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது மேடாகவே தெரியாது. ஆனால் 4000 டன் கனமுள்ள கூட்ஸ் வண்டிக்கு அந்தச் சிறு ஏற்றமே 40 டன் கூடுதலாக இழுக்க வேண்டிய சுமையாகிவிடும். நீராவி இஞ்சினில் அந்தக் கூடுதல் பலம் எங்கிருந்து வரவேண்டும்? கொதிகலத்திலிருந்து வரவேண்டும். கொதிகலத்துக்கு எங்கிருந்து வரவேண்டும்? நெருப்பிலிருந்து. நெருப்புக்கு? பயர்மேன் என்று ஒருவர் அனல் வீசும் வாயில் நின்றுகொண்டு, ஆடுகின்ற தட்டின்மேல் காலை அகட்டி வைத்து, மண்வாரியில் கரியை அள்ளி அள்ளிப் போட்ட கையிலிருந்து. ஒரு பிரயாணத்துக்கு டன் கணக்கில் கரி அள்ள வேண்டும். முன்பக்கம் வேகும், முதுகுப்பக்கம் காற்றிலும் மழையிலும் நனையும். இவ்வளவும் பட்டு அள்ளிப் போட்ட கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட வண்டியை இழுக்கப் பயன்படவில்லை. மீதியெல்லாம் புகையாகவும் வீண் ஆவியாகவும் ஆகாயத்துக்குப் போய்விட்டது.

அந்த இஞ்சினுக்குள்ளும் வருணாசிரமம் இருந்ததென்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. மெயில் வண்டி ஓட்டுகின்ற உத்தியோகம் வெகுநாள் வரையில் வெள்ளைக்காரருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும்தான். கரி அள்ளுகிற வேலை நம்மவருக்கு. இரண்டு பேரும் நின்றது ஒரே தட்டு, குடித்தது ஒரே புகை. ஆனால் சம்பளம் வேறு, வீடு வேறு, ஓய்வறைகூட வேறு. கேட்டால், இந்தியனுக்கு வேகமான வண்டியை ஓட்டும் மனத்திடம் போதாது என்றார்கள். வாய்ப்புக் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு யோக்கியதை இல்லை என்று சொல்லுகின்ற இந்த வித்தையை நமக்கு வெள்ளைக்காரன் வந்துதான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில்லை.

அந்தப் பயர்மேனிடம் போய், “ஏனப்பா இந்த வேலைக்கு வந்தாய்?” என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “என் தலையெழுத்து” என்று சொல்லியிருப்பார். அவர் தகப்பனாரும் அதையே சொல்லியிருப்பார். அவருக்குப் புத்தி சொல்ல வந்தவர்களும் அதையே இன்னும் அழகாகச் சொல்லியிருப்பார்கள். இன்று நம் நாட்டு ரயில்களில் கரி அள்ளுகின்ற பயர்மேன் கிடையாது. அகலப்பாதையில் நீராவி இஞ்சின் 1995-இல் ஓய்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகின்ற மலை ரயில் போல வேடிக்கைக்கும் பெருமைக்குமாக வைத்திருக்கிறவைகளைத் தவிர, மற்ற இடங்களிலெல்லாம் அந்த உத்தியோகமே போய்விட்டது. தலையெழுத்து என்பது பிரம்மாவின் கையெழுத்தாக இருந்திருக்குமானால், அதை 25,000 வோல்ட் கம்பி ஒன்று எப்படி அழித்தது என்று கேட்கின்றோம். அது தலையில் எழுதியிருந்த எழுத்து அல்ல. யந்திரத்தில் இருந்த குறை. யந்திரம் திருந்தியவுடன் குறையும் போயிற்று, அதைச் சுமந்தவரின் “விதி”யும் போயிற்று.

மின்சார இஞ்சின் நம் நாட்டுக்கு வந்த கதை கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியதே. முதல் மின்சார ரயில் 1925-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயில் ஓடிற்று. அடுத்தபடியாகச் சென்னை. 1931-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மீட்டர் பாதையில் மின்சார வண்டி விட்டார்கள். ஜனங்கள் ஏறிப்போகும் வண்டிகள் தம்மில் தாமே மோட்டார் உள்ளவை. அவைகளோடுகூட, கூட்ஸ் வண்டிகளையும் வெளியூர்ப் பிரயாணி வண்டிகளையும் இழுப்பதற்கென்று தனியாகச் சில மின்சார இஞ்சின்களையும் சீமையிலிருந்து தருவித்தார்கள். 1960-களின் நடுவில் பழைய முறை மாறி 25,000 வோல்ட் முறை வந்தபோது, விழுப்புரம் வரையில் ஓட்ட ஜப்பானிலிருந்து இஞ்சின்கள் வந்தன. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1961 முதற்கொண்டே நம்மவர்கள் மின்சார இஞ்சின் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சேர்வராயன் மலையடிவாரத்தில் கம்பி ஏறியது 1990-ஐ ஒட்டிய வருஷங்களில். இன்றைக்கு நாட்டின் அகலப்பாதையில் அநேகமாக முழுவதும் கம்பி போட்டாயிற்று.

இதன் வேலை முறையில் மாயம் ஒன்றுமில்லை. பாதைக்கு மேலே ஒரு கம்பி. இஞ்சின் முதுகில் மடங்கி நிமிர்கின்ற ஒரு சட்டம். அந்தச் சட்டம் கம்பியைத் தடவிக்கொண்டே மின்சாரத்தை வாங்கும். இஞ்சினுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதன் அழுத்தத்தைக் குறைத்து, சக்கர அச்சுகளின் மேலிருக்கும் மோட்டார்களுக்கு அனுப்பும். நீராவி இஞ்சின் தன் கொதிகலம் கொடுப்பதற்குமேல் ஒரு குதிரைச் சக்திகூடக் கொடுக்காது. மின்சார இஞ்சினுக்கோ ஊரெல்லாம் உள்ள மின்சார நிலையங்களே கொதிகலம். ஆகையால் மேடு வந்தால் மூச்சு வாங்காது. இன்று எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுக்கின்ற இஞ்சின் ஒன்று 5000, 6000 குதிரைச் சக்தி உள்ளது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொன்று, பல்சக்கரத்தின் கணக்கை மாற்றிவிட்டால் வேகம் குறைந்து இழுப்பு அதிகமாகி, நிலக்கரியும் இரும்பும் இழுக்கும் கூட்ஸ் இஞ்சினாகிவிடுகின்றது. ஆளை ஏற்றுவதற்கு ஒரு ஜாதி, சரக்கு ஏற்றுவதற்கு ஒரு ஜாதி என்று பிறவியிலேயே அங்கு பேதமில்லை. பல்சக்கரம்தான் பேதம்.

இன்னும் ஒரு விசேஷம். 1990-களின் பின்பாதிக்குப் பிறகு வந்த புதுவகை இஞ்சின்கள், லோக்கூரிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக் போட்டால், மோட்டார்களே திரும்ப மின்சாரம் உண்டாக்கிக் கம்பிக்குக் கொடுத்துவிடுகின்றன. இறங்குகின்ற வண்டி கொடுப்பதை எதிரே ஏறுகின்ற வண்டி எடுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் அந்தச் சக்தி முழுவதும் பிரேக் கட்டையில் தேய்ந்து சூடாகிப் பாழாய்ப் போனது. மேட்டிலே இருப்பவன் இறங்கும்போது கீழே இருப்பவனுக்குக் கைகொடுப்பது யந்திரத்துக்கு வந்துவிட்டது!

இப்படிச் சொல்லுவதால் மின்சாரம் ஒரு பாவமும் அறியாத வஸ்து என்று நாம் சொல்லுவதாக நினைத்துவிட வேண்டாம். இஞ்சினிலிருந்த நெருப்பு அணைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கின்றது. 1937-இல் மேட்டூர் அணைத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அது புகையில்லாத மின்சாரம். 1987-லிருந்து அதே மேட்டூரில் நிலக்கரி எரித்தும் எடுக்கிறார்கள். அந்தக் கரி ரயிலில்தான் வருகின்றது. அதாவது மின்சாரத்தால் ஓடுகின்ற வண்டி, மின்சாரம் செய்வதற்கான கரியை ஏற்றிக்கொண்டு போகின்றது. புகையும் சாம்பலும் பிரயாணியின் கண்ணில் விழாமல் மேட்டூர்க்காரரின் கூரையில் விழுகின்றன. இந்த மலைக்கும் அதில் பங்குண்டு. சேர்வராயன் மலையின் பாக்சைட் மண்ணை வெட்டிக் கொண்டுபோய் 1965 முதல் மேட்டூரில் அலுமினியம் காய்ச்சினார்கள். தேசமெங்கும் மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள் பெரும்பாலும் அலுமினியமே. மலையடியில் வெள்ளைக்கல் வெட்டினார்கள். அதன் பெயரால் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ஸ்டேஷனே இருக்கின்றது. அந்தக் கல் உருக்கு உலைகளுக்கு உள்பூச்சு. மலையை வெட்டி உலகத்துக்கு வெளிச்சம் போட்டதில் மலையாளி என்று அழைக்கப்படுகின்ற அந்த மலைவாசிகளின் குடிசைக்கு எவ்வளவு வெளிச்சம் வந்தது என்பதைத் தனியாக எழுத வேண்டும். ஆனாலும் ஒன்று. ஒரே இடத்தில் எரிகின்ற புகையைப் பிடித்து அடக்கலாம், காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுத்துக் கரியையே குறைக்கலாம். ஓடுகின்ற ஆயிரம் இஞ்சின்களின் புகையை யாரும் பிடிக்க முடியாது. எனவே வந்த மாறுதல் நல்ல மாறுதல்தான் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். பயர்மேன் போனார். கரி போயிற்று. கரியோடுகூட எரிந்து போன மற்றொன்று, “பெண்ணுக்கு இந்த வேலைக்குப் பலம் போதாது” என்கின்ற சாக்கு. மண்வாரி இருந்த வரையில் அந்தச் சாக்கைச் சொல்ல அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. (வயலில் நாள் முழுவதும் குனிந்து நாற்று நடவும், கட்டடத்தில் செங்கல் சுமந்து சாரம் ஏறவும் மாத்திரம் பெண்ணுக்கு எப்படிப் பலம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.) மின்சார இஞ்சினில் கைப்பிடியைத் திருப்பவும், சிக்னலைக் கண் இமைக்காமல் பார்க்கவும், புத்தி தடுமாறாமல் இருக்கவும் வேண்டும். இதில் ஆணென்ன, பெண்ணென்ன? மராட்டிய நாட்டுச் சதாராவைச் சேர்ந்த சுரேகா யாதவ் உதவி டிரைவராகச் சேர்ந்தார். கூட்ஸ் வண்டி ஓட்டினார், பிரயாணி வண்டி ஓட்டினார், 2023-இல் வந்தே பாரத் வண்டியும் ஓட்டினார். இன்று இந்திய ரயில்வேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்மக்கள் இந்த வேலையில் இருக்கின்றார்கள்.

சந்தோஷம். ஆனால் அந்தப் பெண்மக்கள் ஏறுகின்ற இஞ்சினில் கக்கூசு இல்லை.

இதை அசிங்கமான விஷயம் என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் இருக்கலாம். மலஜலம் கழிப்பது அசிங்கமல்ல. கழிக்க இடமில்லாமல் ஒரு மனிதனை எட்டு மணி, பத்து மணி நேரம் பூட்டி வைப்பதுதான் அசிங்கம். கூட்ஸ் வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. நிற்கும் இடம் பெரும்பாலும் பிளாட்பாரமாகவும் இராது. லோக்கூர்க் காட்டோரத்தில் நடுநிசியில் சிவப்பு சிக்னலுக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிமிஷமும் சிக்னல் பச்சையாகலாம், இஞ்சினை விட்டு இறங்கவும் முடியாது. ஆண்பிள்ளை ஏதோ இருட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளுகிறார். பெண் என்ன செய்வாள்? வேலைக்குப் புறப்படுமுன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்ளுகிறாள். சித்திரை வெயிலில், இரும்புப் பெட்டிக்குள், தண்ணீர் குடியாமல்! மாதவிடாய் நாட்களில் படுகின்ற பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வியாதியை வாங்கிக்கொண்டவர்கள் பலர். ஓட்டுகின்ற வேலையே வேண்டாம், ஆபீசில் ஒரு நாற்காலி கொடுங்கள் என்று மனுப்போட்டவர்களும் இருக்கின்றார்கள். அப்படி ஒருத்தி மனுப்போட்டவுடனே, “பார்த்தீர்களா, பெண்ணுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று அப்போதே சொன்னோமே” என்று சொல்ல ஆள் தயாராயிருக்கின்றார். ஏற்காட்டின் மேலே லேடீஸ் சீட் என்று ஓர் இடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் சேலம் பட்டணம் முழுவதும் தெரியும். பெண்ணுக்கு இருக்கை கொடுப்பதில் நமது சமுதாயம் எப்போதும் தாராளந்தான். இருக்கையில் உட்கார்ந்த பிறகு அவளுக்கும் ஓர் உடம்பு இருக்கிறது என்பதுதான் ஞாபகத்துக்கு வருவதில்லை.

இதற்கு அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படும் சமாதானம் என்ன? இஞ்சினில் இடமில்லை என்பது ஒன்று. ஸ்டேஷனில் நிற்கும்போது போய்க்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது சமாதானத்தை நாம் இதற்கு முன்னும் கேட்டிருக்கின்றோம். இந்தியாவில் ரயில் ஓட ஆரம்பித்து அரை நூற்றாண்டுக்கு மேல், கீழ்வகுப்புப் பெட்டிகளில் கக்கூசு கிடையாது. அப்போதும் ஸ்டேஷனில் போய்க்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். 1909-இல் ஒகில் சந்திர சென் என்கின்ற ஒரு வங்காளத்துப் பிரயாணி, அப்படி ஸ்டேஷனில் இறங்கிப் போனவர், கார்டு ஊதிவிட்டபடியால் ஒரு கையில் செம்பும் ஒரு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னிலையிலும் விழுந்தார். கோபம் பொறுக்காமல் அவர் சாகிப்கஞ்ச் ரயில்வே ஆபீசுக்கு எழுதிய கடிதம் இன்றும் டில்லி ரயில் காட்சிச்சாலையில் இருக்கின்றது. அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் பெட்டியில் கக்கூசு வந்தது என்று சொல்லப்படுகின்றது. பிரயாணிக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலே முடியாதென்று சொன்னது முடிந்துபோயிற்று. இன்று எக்ஸ்பிரஸ் வண்டியின் ஒரு பெட்டிக்கு நாலு கக்கூசு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, இருபது மீட்டர் நீளமுள்ள இஞ்சினில் ஒன்று வைக்க இடம் தெரியவில்லையாம்.

(ஆனால் பிரயாணிக்குச் செய்த வசதியையும் நம்மவர்கள் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? தண்டவாளத்தின் மேல் விழும்படி ஓட்டை போட்டு, அதை வாருவதற்கு ஒரு ஜாதியாரைத் துடைப்பத்தோடு நிறுத்தினார்கள். பெட்டிக்கடியில் தொட்டி வைத்து மக்க வைக்கும் கக்கூசு வந்து அந்தக் கொடுமை குறைய நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. இஞ்சினில் வைக்கப்போவது முதலிலிருந்தே தொட்டிக் கக்கூசாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கின்றோம்.)

2016-இல் மந்திரி சுரேஷ் பிரபு கக்கூசு வைத்த முதல் இஞ்சினைத் திறந்து வைத்தார். பத்திரிகைகளில் படம் வந்தது. நாட்டில் இன்று ஓடுகின்ற மின்சார இஞ்சின்களோ பத்தாயிரத்துக்கு மேல். படம் வந்து பல வருஷம் கழித்தும், ஏதோ ஒருவிதமான கழிப்பு வசதி வைத்த இஞ்சின்கள் சில நூறு என்ற கணக்கில்தான் இருந்தன. அதுவாவது போகட்டும், வண்டியை நிறுத்திச் சாப்பிடவும் ஒதுங்கவும் இத்தனை நிமிஷம் என்று ஒரு விதியாவது செய்யுங்கள் என்று கேட்டார்கள். 2025 ஏப்ரலில் ரயில்வே போர்டு ஏற்றுக்கொண்ட கமிட்டி முடிவு, அப்படி ஒரு விதி செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது. இஞ்சினில் இடமுமில்லை, இறங்க நேரமுமில்லை. அப்படியானால் எங்கேதான் போவது என்பதையும் அந்தக் கமிட்டியே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் ரயில் இஞ்சினில் சுத்தமான கக்கூசு இருக்க வேண்டும் என்று 2002-இலேயே சட்டவிதி செய்துவிட்டார்கள். அங்கே இஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு மாத்திரம் வேறுவிதமான வயிறு இருக்கிறதா?

டிரைவர் என்ற பெயரைக்கூட மாற்றி லோகோ பைலட் என்று வைத்திருக்கின்றார்கள். ஆகாய விமானத்திலும் பைலட் இருக்கின்றார். அவருக்கு எழுந்து போகக் கக்கூசு உண்டு. பெயரை மாத்திரம் ஆகாயத்திலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டு, மற்றதை அங்கேயே விட்டுவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜையன்று இஞ்சினுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். உணர்ச்சியில்லாத இரும்புக்கு இவ்வளவு உபசாரம். உள்ளே உட்கார்ந்திருக்கும் உயிருள்ள மனிதருக்கு எலுமிச்சம்பழத்தின் கதி.

கக்கூசைப் போன்றதே ஓய்வு என்கின்ற பிரச்சினையும். கரி அள்ளுகிறபோது உடம்பு அலுத்தது. இப்போது கண்ணும் மூளையும் அலுக்கின்றன. ஒரு நிமிஷத்தில் ஒன்றரை மைல் போகிற வண்டியில் ஒரு சிமிட்டு நேரம் கண் அசந்தால் என்ன ஆகும் என்று பிரயாணிகள் யோசித்துப் பார்க்க வேண்டும். வேலை நேரம் பத்து மணிக்குமேல் போகாது என்ற வாக்குறுதி 1973-இல் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே கிடைத்தது. அடுத்த வருஷம், 1974 மே 8 முதல் 27 வரையில், நாடு முழுவதும் ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சிறைக்குப் போனார்கள். அதற்கும் முன்னே 1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் தோழர் சிங்காரவேலர் சிறை சென்றதை நமது வாசகர்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இவ்வளவுக்குப் பிறகும் 2024 ஜூனில் தென்னக ரயில்வே டிரைவர்கள், தினசரி ஓய்வு 16 மணியும் வார ஓய்வு 30 மணியும் சேர்த்து 46 மணி நேரம் தங்களுக்குச் சேர வேண்டியது என்று சொல்லி, தாங்களாகவே அந்த ஓய்வை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தூங்குவதற்காக ஒரு கிளர்ச்சி! உலகத்தில் எத்தனையோ கிளர்ச்சிகளைக் கேட்டிருக்கின்றோம். பிரயாணியின் உயிரைக் கையில் வைத்திருப்பவர் தூங்க விடுங்கள் என்று கிளர்ச்சி செய்தால், முதலில் அவருக்காகப் பேச வேண்டியவர் பிரயாணி அல்லவா?

அதே மாதம் 17-ஆம் தேதி மேற்கு வங்காளத்தில் ரங்கபாணிக்கு அருகில், நின்றுகொண்டிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரசின் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி மோதிற்று. கூட்ஸ் வண்டியின் டிரைவரும் இறந்துபோனார். அவர் பிணம் எடுப்பதற்கு முன்னே, குற்றம் அவருடையது என்று ரயில்வே மேலிடம் சொல்லிவிட்டது. பிறகு பாதுகாப்புக் கமிஷனர் விசாரித்ததில், அன்றைக்கு சிக்னல் கெட்டிருந்தபோது அவர் கையில் கொடுத்த எழுத்து உத்தரவே சரியானதல்ல என்றும், இப்படிப்பட்ட நேரத்தில் எப்படி நடந்துகொள்ளுவது என்பதற்குச் சிப்பந்திகளுக்குப் போதிய பயிற்சியே கொடுக்கப்படவில்லை என்றும் தெரியவந்தது. செத்தவனால் பதில் சொல்ல முடியாது என்கின்ற தைரியம் இவர்களுக்கு எங்கிருந்து வருகின்றது?

“ரயில்வேக்குப் பணமில்லை” என்று மாத்திரம் யாரும் சொல்ல வர வேண்டாம். ஆயிரக்கணக்கான மைல் கம்பி போடப் பணம் இருந்தது. புது வண்டிகளுக்குப் பெயர் வைத்து, கொடியசைத்து, விழா எடுக்கப் பணம் இருந்தது. கரி மிச்சமாகி, டீசல் மிச்சமாகி, வருஷா வருஷம் இவ்வளவு கோடி லாபம் என்று ரயில்வேயே பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகின்றது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை, மிச்சம் பிடித்துக் கொடுத்த இஞ்சினை ஓட்டுகிறவர்களின் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் செலவிடுங்கள் என்பதுதான் நாம் கேட்பது. புதிதாகச் செய்யும் இஞ்சின்களில் வைக்கப்போகிறோம் என்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் ஒரு மின்சார இஞ்சினின் ஆயுள் முப்பது, முப்பத்தைந்து வருஷம். பழைய இஞ்சினெல்லாம் கழிந்து புது இஞ்சின் வருகிற வரையில் காத்திருக்கச் சொன்னால், இன்று வேலைக்குச் சேருகின்ற பெண் பென்ஷன் வாங்கும்போதுதான் அவளுக்குக் கக்கூசு கிடைக்கும். ஷெட்டுக்குப் பெரிய பழுதுபார்ப்புக்கு வருகின்ற ஒவ்வொரு பழைய இஞ்சினிலும், அது கூட்ஸ் இஞ்சினானாலும் சரி, மெயில் இஞ்சினானாலும் சரி, வேலை முடிந்து வெளியே போகும்போது தொட்டிக் கக்கூசு இருந்தே தீரவேண்டும் என்று உத்தரவு போடுவதற்கு எந்தச் சாஸ்திரமும் தடையில்லை. அதுவரையில், நீண்ட தூரம் நில்லாமல் ஓடும் வண்டிகளுக்கு வழியில் இன்ன ஸ்டேஷனில் இத்தனை நிமிஷம் என்று கால அட்டவணையிலேயே போட்டுவிடலாம். ஜோலார்பேட்டைக்கும் ஈரோட்டுக்கும் இடையில் பத்து நிமிஷம் தாமதமாவதால் சேலம் ஜில்லா முழுகிவிடாது.

கக்கூசை இஞ்சினில் எந்த மூலையில் வைப்பது என்று இன்னும் விளங்காவிட்டால், சித்தரஞ்சனில் வரைபடம் போடுகின்ற மேசைக்கு இங்கே மெயில் வண்டியும் கூட்ஸ் வண்டியும் ஓட்டுகின்ற இரண்டு பெண் டிரைவர்களை வரவழைத்து உட்கார வைத்துக் கேட்கட்டும். ஒரு மத்தியானத்துக்குள் இடத்தைக் காட்டிக் கொடுப்பார்கள்.